அம்மாவைப் பாம்பு கடித்த மார்கழி

"அடிக்காதீங்க மாமா. மொதல்ல அது இன்னா பாம்புனு பாக்கணும்."

அம்மா இதைச் சொன்னபோது அவள் வலது கைச் சுண்டுவிரலின் ஓரத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. கொல்லையில், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவளுக்கு எதிரே, சோறு கொட்டி வைக்கிற பெரிய அலுமினிய அன்னக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு செங்கல். அவளைக் கடித்த பாம்பு அந்தக் கூடைக்கு அடியில் இருந்தது.

அம்மா மாமா என்று அழைத்தது விறகுக் கட்டையை ஓங்கிக்கொண்டு நின்ற என் பெரியப்பாவை. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து தினமும் விடியலில் எங்களுக்குப் பால் கொண்டு வருவார். அன்றும் பால் தூக்கோடு வந்தவர், அம்மாவின் சத்தம் கேட்டுத் தூக்கை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். கவிழ்ந்த பால் வாசல் கோலத்தில் வழிந்துகொண்டிருந்தது.

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் பற்பொடியின் இனிப்பு. அந்த ருசியை இன்றைக்கும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

கேட்டவர்களுக்காக

சென்ற வாரம் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவைப் பற்றி எழுதியபோது, அதன் வாசல் கண்ணாடி அலமாரியில் மணப்பெண் படங்களுக்கு நடுவே ஒரு சாரைப்பாம்பின் படமும் இருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். படித்தவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் படம் எடுக்கிற கடையில் பாம்புக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த மார்கழிக் காலையைச் சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால், கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

எழுபதுகளில் எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, மலை அடிவாரத்தை ஒட்டி இருந்தது. இப்போது அங்கே வரிசையாகத் தங்கும் விடுதிகள். அப்போது பாறையும் முள்ளும்தான். வாடகை கம்மி என்பதால் அப்பா அங்கே குடி வைத்திருந்தார். தேரடித் தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குச் சைக்கிளில் போய் வருவார். வாடகை கம்மியாக இருந்ததற்குக் காரணம் பாம்புகள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் வேலியோரம் ஒரு பெரிய பாம்பு எலியை விழுங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறைய எலி இருந்ததால் அதனால் ஓட முடியவில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து அடித்துப் போட்டார்கள். ஒருவர் நல்லபாம்பு என்றார். இன்னொருவர் விரியன் என்றார். மூன்றாமவர் சாரை என்றார். செத்த பிறகும் அதன் பெயரில் ஒற்றுமை வரவில்லை.

அப்பா வந்ததும் கேட்டேன். "தெரியலியே மதி," என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "தெரிஞ்சிக்கலாம்," என்றார்.

என் முழுப்பெயர் வளர்மதி. அன்றைக்கு அப்பா அந்த வார்த்தையைச் சொல்லாமல், 'பொம்பளப் புள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் எதுக்கு' என்று சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன். எனக்கு ஒன்றும் பெரிய பிடிவாதம் கிடையாது.

கண்ணுக்கு உண்டு, கைக்கு இல்லை

அப்பா நூலகத்திலிருந்து பாம்புகளைப் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம் எடுத்து வந்தார். அவர் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் விளக்கடியில் வரி வரியாகத் தமிழில் சொல்வார். சில வரிகளுக்கு அவருக்கும் அர்த்தம் புரியாது. அப்போது இருவரும் படத்தையே உற்றுப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மலையடிவாரத்துக்குப் போவோம். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று. கண்ணுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு, கைக்கு ஒன்றும் கிடையாது. எந்தப் பாம்பையும் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, குச்சியால் கிளறக் கூடாது. பாம்பு போகிற வழியில் நாம் நிற்கக் கூடாது. அதை நான் மீறியதில்லை. ஏனென்றால் மீறினால் அப்பா வரமாட்டார். அப்பா இல்லாமல் பாம்பு பார்ப்பதில் எனக்கு அப்போது பாதி சந்தோஷம்கூட இல்லை.

கல்யாண வீட்டில் படம் எடுத்து முடித்த பிறகு, பிலிம் ரோலில் ஒன்றிரண்டு படம் மிச்சமிருக்கும். "அது உன்னுது," என்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு பாறை மேல் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் சாரைப்பாம்பைப் படம் எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. படம் நன்றாக வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதனால்தான் அலமாரியில் வைத்தார். படம் எடுக்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. அப்பா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அம்மாவின் பார்வை

அம்மாவுக்குப் பாம்பென்றால் குலை நடுக்கம். விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரையே சொல்ல மாட்டாள். 'பூச்சி' என்பாள். நாங்கள் இருவரும் புத்தகத்தை விரித்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வாள்.

ஒரு நாள் அப்பாவும் நானும் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்தோம். ஒன்று, ரோட்டில் லாரி ஏறிச் செத்துக்கிடந்த கட்டுவிரியன். கடித்தால் வலிகூடத் தெரியாது, ஆனால் சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். இன்னொன்று, ஸ்டுடியோவில் படம் கழுவுகிற இருட்டறையில் வந்து சுருண்டிருந்த சின்னப் பாம்பு. அதற்கும் அதே மாதிரி வெள்ளை வரிகள். ஆனால் விஷம் கிடையாது. புத்தகம் படித்தவர்கள் அதை வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குத் தனிப்பெயரே இல்லை. வரி போட்டதெல்லாம் கட்டுவிரியன், எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் எங்களுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல இன்னா குழப்பம்? இதுக்கு முந்தானை பக்கம்தான் சரிகை ஜாஸ்தி. கழுத்துகிட்ட ஒண்ணுமே இல்ல. அதுக்குக் கழுத்துலயே பட்டையா சரிகை, வாலு பக்கம் வெறும் துணி."

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கட்டுவிரியனின் வரிகள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப் பக்கம் மங்கியும் இருக்கும். மற்றதற்கு நேர் எதிர். அகராதி வைத்து நாங்கள் நாலு நாளாகத் தேடியதை அவள் புடவைக்கடைக் கண்ணால் ஒரு நொடியில் சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "நான் தள்ளித்தான் நிப்பேன்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தள்ளித்தான் நின்றாள். ஆனால் வேப்ப மரத்துக் கிளையோடு கிளையாகக் கிடந்த பச்சைப்பாம்பை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அதன் பிறகு அவள் வராத ஞாயிறு இல்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அண்ணன், தகப்பனில்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் சொன்னால் அப்பா எதிர்த்துப் பேச மாட்டார். பொட்டப்பிள்ளையைப் பாம்புப் பின்னால் அலைய விடுகிறாயே, நாளைக்கு எவன் கட்டுவான் என்று கேட்பார். அவள் விளையாட்டுக்கு நீயும் ஆடி, உன் பெண்டாட்டியையும் ஆட்டிவைக்கிறாயே, ஒரு நாள் இது வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும், பார் என்பார்.

அந்த மார்கழியில் அவர் சொன்னபடியே வந்து நின்றது.

விறகுக் கோணி

மார்கழிப் பனியில் விறகு நமுத்துப்போகாமல் இருக்க, அம்மா அதன் மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடி வைப்பாள். அன்று காலை வெந்நீர் போட வந்தவள், கோணியை விலக்கிக் கையை விட்டிருக்கிறாள். சுருக்கென்று ஊசி குத்தியதுபோல் இருந்ததாம். கையை இழுத்தபோது பாம்பும் கூடவே வந்து தரையில் விழுந்ததாம்.

அவள் கத்தினாள். அது பெரியப்பாவுக்குக் கேட்டது. ஆனால் கத்திக்கொண்டே அவள் செய்ததைத்தான் நான் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த அன்னக்கூடையை எடுத்துப் பாம்பின் மேல் மூடினாள். தேடிப் போய் ஒரு செங்கல்லை எடுத்து வந்து மேலே வைத்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

அப்பா முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடி வந்தார். பெரியப்பா தன் துண்டைக் கிழித்து அம்மாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். தன் ஊரில் விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர் இருக்கிறார், அவரிடம் உடனே போகலாம் என்றார்.

"அங்க போற நேரத்துல ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் மாமா," என்றாள் அம்மா. அவர் முகம் வாடியதைப் பார்த்து, "நீங்க போய் அவருகிட்ட விபூதி வாங்கினு வாங்க. அதுவும் இருக்கட்டும்," என்றாள்.

பெரியப்பா ஆசிரமத்து வாசலில் நின்ற ஜட்கா வண்டியைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டு, சைக்கிளில் ஊரைப் பார்த்து மிதித்தார்.

அதற்குள் அப்பா கண்ணாடி ஊறுகாய் ஜாடியைக் காலி செய்துவிட்டார். படம் ஒட்டுகிற கெட்டி அட்டையைக் கூடைக்கு அடியில் மெல்லச் செருகினார். பிறகு எப்படிக் கூடையைத் திருப்பினார், எப்படிப் பாம்பு ஜாடிக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, "கழுத்துல சரிகை இருந்த மாதிரிதான் இருந்திச்சு மதி. ஆனா இருட்டு," என்றாள்.

ஜட்காவில் அப்பா ஜாடியைத் துண்டால் சுற்றி மடியில் வைத்து, அதன் வாயில் கட்டிய துணியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வந்தார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு ஊறுகாய் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். குதிரை மட்டும் வழியெல்லாம் காதை விறைத்துக்கொண்டு ஓடியது.

ஜாடிக்குள் பார்த்தது

டாக்டர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அம்மாவின் கையைக் கழுவினார். பெரியப்பா கட்டிய கட்டை மெதுவாகத் தளர்த்தினார். என்ன பாம்பு என்று தெரியுமா என்று கேட்டார். அப்பா ஜாடியை மேஜை மேல் வைத்தார். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"எங்க பொண்ணுக்குத் தெரியுங்க," என்றார் அப்பா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜாடியைப் பார்த்தேன். வரி தெரிந்தது. கழுத்து சுருளுக்குள் மாட்டியிருந்தது. என்னென்னவோ படித்திருந்தேன், எத்தனையோ படங்களைப் பார்த்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது என்ற ஒரு வரி மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வலிக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

பாம்பு அசைந்தது. தலையைத் தூக்கிக் கண்ணாடியை முகர்ந்தது. கழுத்தில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. அடுத்து இன்னொன்று. வால் பக்கம் வரவர மங்கி, கடைசியில் வெறும் பழுப்பு.

தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போகும். இங்கே தப்பாகச் சொன்னால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "தெரிஞ்சத சொல்லு மதி. அவ்ளோதான் கேக்கறாங்க."

"இதுக்கு விஷம் இல்லைங்க," என்றேன். ஏன் என்றும் சொன்னேன். முந்தானை, சரிகை எல்லாம் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து ஜாடியை நன்றாகப் பார்த்தார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. நான் பாம்பு படிச்சதில்ல. ஆனா இத நம்பி உங்கம்மாவ வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கதான். கண்ணு இமை தொங்குதா, நாக்கு தடிக்குதா, முழுங்க முடியுதானு பாத்துக்கினே இருக்கணும். எதுனா தெரிஞ்சா குடுக்க மருந்து ரெடியா இருக்குது."

அதைக் கேட்டதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாவின் உயிர் என் ஒரு வார்த்தையில் தொங்கவில்லை. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நிம்மதியை எனக்குக் கொடுத்த டாக்டரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கண் மூடிய மத்தியானம்

பெரியப்பா விபூதியோடு வந்து சேர்ந்தார். அம்மா அதை நெற்றியில் பூசிக்கொண்டாள். நர்ஸும் அதைத் தடுக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. அந்த வார்டில் டெட்டால் வாசமும், பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த எலுமிச்சம்பழச் சோற்றின் வாசமும் கலந்து அடித்தது. நர்ஸ் அவ்வப்போது வந்து நாக்கை நீட்டச் சொல்வார், மேலே பார்க்கச் சொல்வார். அவர் போன பிறகு அப்பா அதையே திரும்பச் செய்யச் சொல்வார். அப்பா வெளியே போனால் நான். எங்கள் இருவரையும் நம்பாமல் பெரியப்பா ஒரு தடவை. அம்மா அன்று நாக்கை நீட்டியதுபோல் வாழ்நாளில் நீட்டியிருக்க மாட்டாள்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த நான் விழித்துப் பார்த்தபோது, அம்மாவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன.

"அம்மா."

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். இமை இன்னும் இறங்கியது. நான் நர்ஸைத் தேடி ஓடினேன். எதிரே வந்த அப்பா என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த டீ டம்ளரை அப்படியே கீழே போட்டார். நர்ஸ் வந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, இமையைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவு கோபத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்தவ. செத்த நேரம் கண்ண மூட வுட மாட்டீங்களா?"

'செத்த' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டார். நர்ஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் தோள் குலுங்க நின்றார். அம்மா எல்லாரையும் ஒரு சுற்று முறைத்துவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினாள். இந்த முறை குறட்டை வந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் கேலி செய்கிற அந்தக் குறட்டையை, மூன்று பேரும் கச்சேரி கேட்பதுபோல் உட்கார்ந்து கேட்டோம்.

மறுநாள் காலை டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அப்பாவின் முடிவு

பாம்பு அந்த ஒரு நாளும் ஸ்டுடியோவின் இருட்டறையில் ஜாடிக்குள் இருந்தது. அதை எங்கே விடுவது என்ற பேச்சு வந்தபோது, நானும் வருகிறேன் என்றாள் அம்மா. ஆசிரமத்துக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத பாறைச் சரிவுக்கு மூன்று பேரும் போனோம். அப்பா ஜாடியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அது வெளியே வர யோசித்துக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா சொன்னார். "இதோட போதும். இனிமே நம்ம வீட்ல இந்தப் பேச்சு வேணாம். அண்ணன் சொன்னப்பவே கேட்டிருக்கணும். ஆரம்பிச்சு வெச்சதே நான்தான்."

அலமாரியிலிருந்து சாரைப்பாம்பின் படத்தை அன்று காலையே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். எதிர்த்துப் பேச எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் நானே சாமியிடம், அம்மா பிழைத்துவிட்டால் பாம்பு பக்கமே போக மாட்டேன் என்று வேண்டியிருந்தேன்.

அம்மா பாறை மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்திருந்தாள்.

"ஏங்க, நான் வெறகு எடுக்கும்போது கடிச்சிச்சு. பாம்பு பாக்கப் போயா கடிச்சிச்சு? பாம்புனா இன்னானே தெரியாத வீட்லயும் வெறகு எடுப்பாங்க."

அப்பா ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணும் தெரியாத பழைய சரோஜாவா இருந்திருந்தா, ஜட்கா வர்றதுக்குள்ள பயத்துலயே என் உசுரு போயிருக்கும். கழுத்துல சரிகையைக் கண்ணால பாத்தேன். அந்தத் தெம்புலதான் செங்கல்லத் தேடினேன். அந்தத் தெம்ப எனக்குக் குடுத்தது நீங்களும் இவளும். இப்போ வேணாம்னா எப்படி?"

பாம்பு ஜாடியை விட்டு வெளியே வந்தது. வெயிலில் ஒரு கணம் நின்றது. பிறகு பாறை இடுக்கில் நுழைந்து, வால் மட்டும் தெரிந்து, அதுவும் மறைந்தது. அப்பா அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். ஆஸ்பத்திரியில் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியிடம் போட்ட வேண்டுதலை எப்படித் திருப்பி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே கோவிலுக்குப் போய், பாம்பு பக்கம் போக மாட்டேன் என்றுதானே சொன்னேன், பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பம்புசெட்டு ரூமில் ஒன்று

முழுப்பரீட்சை நேரம். அதற்குள் சாரைப்பாம்பின் படம் அலமாரிக்குத் திரும்பி வந்திருந்தது. மத்தியான வெயிலில் பெரியப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

"பம்புசெட்டு ரூம்ல ஒண்ணு பூந்திருக்குது," என்றார் கடைசியில். "ஆளுங்க அடிக்கணும்னு தடியோட நிக்கறானுங்க. சரோஜா வந்து பாக்கட்டும், அது வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுனு சொல்லிட்டு வந்தேன்."

நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சை. நீ உக்காரு."

பெரியப்பாவும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பி அப்பாவை நேராக அடி அண்ணாமலைக்கு வரச் சொன்னாள். வரும்போது கேமராவை மறக்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாள். பிறகு பெரியப்பா சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டாள். வீட்டில் நானும் அல்ஜீப்ராவும்.

பொழுது சாயும்போது அம்மாவும் அப்பாவும் திரும்பி வந்தார்கள். இருவர் மேலும் செம்மண். அம்மாவின் கண் பளபளவென்று இருந்தது. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"கொம்பேறி மூக்கன்," என்றாள்.

மரமேறி உட்கார்ந்து, தான் கடித்த ஆள் எரிகிற புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று ஊரே நடுங்குகிற பாம்பு அது. உண்மையில் அதற்கு விஷமே கிடையாது. நான் அதுவரை அதை உயிரோடு பார்த்ததில்லை. புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

அம்மா ஆட்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவையும் ஜன்னலையும் முழுதாகத் திறந்துவிடச் சொன்னாளாம். யாரும் பேசக் கூடாது என்றாளாம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே ஜன்னல் வழியாக வெளியே வந்ததாம். முதுகு நெடுக வெண்கலப் பாத்திரம் தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பாம். அங்கிருந்து ஒரே தாவலில் மரத்துக்குப் போய்விட்டதாம். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றாராம்.

"புங்க மரத்துக்குத் தாவிச்சு," என்றாள் அம்மா.

"தென்ன மரம் சரோ. நான் கேமராலயே பாத்தேன்," என்றார் அப்பா.

"கேமராவுல ஒத்தக் கண்ணாலதான பாப்பீங்க? நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ஆரம்பித்த விளையாட்டு. என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு இவர்கள் இருவரும் போய் விளையாடிவிட்டு வந்திருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு உள்ளே போகலாமா என்றுகூட நினைத்தேன். அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து, புங்க மரமா தென்னை மரமா என்று சின்னப் பிள்ளைகள்போல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.